அக்காவின் நீளச் சிரிப்பு

என் அக்கா சிரிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள். இப்படிச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், அதனால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் மேடைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்களே, அவர்களில் பாதிப் பேர் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. ஒரு ஏஜென்ட் வேனில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைப்பார். மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், நாள் முழுக்க உடம்பை விறைக்க வைக்கும் ஏசி, போகும்போது கையில் கொஞ்சம் பணம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் அக்கா அந்த வேனில் ஏறினாள்.

ஏறிய கொஞ்ச நாளிலேயே அவளை முன் வரிசைக்கு, தலைக்கு மேல் மைக் தொங்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அழகுக்காக இல்லை. அழகுக்கென்று கல்லூரிப் பெண்களைத் தனியாக அழைத்து வந்து கேமராவுக்கு நேராக உட்கார வைத்திருந்தார்கள். அக்காவை மாற்றியது அவள் சிரிப்புக்காக. அவளுக்குச் சிரிப்பு தாமதமாகத்தான் வரும். எல்லோரும் சிரித்து ஓயும் நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கும். காலையில் குழாயைத் திறந்தால் முதலில் காற்று விட்டு விட்டு வந்து, பிறகு தண்ணீர் கொட்டுமே, அந்த மாதிரி. கொட்ட ஆரம்பித்தால் நிற்காது. அதைக் கேட்டு, சிரித்து முடித்தவர்களும் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் அத்தான்தான் என்பது என் கட்சி.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். த, ப என்று தொடங்கும் சொல் வந்தால் போதும், தாடை இறுகி, கண் ஒரு பக்கமாகப் போய், நெஞ்சுக்குள் என்னவோ நடந்து, பிறகுதான் சொல் வந்து விழும். அந்த இடைவெளியில் ஏதாவது செய்யாவிட்டால் உலகத்துக்குத் தூக்கம் வராது. சிலர் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள், பெரும்பாலும் தப்பான சொல்லை. சிலர் தரையில் எதையோ தேடுவார்கள். சிலர் "மெதுவா, மெதுவா" என்பார்கள், என்னமோ அவர் ஓடி வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. எங்கள் அம்மா, அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், தண்ணீர் மேல் தண்ணீராகக் கொடுத்து அவரைக் குளியலறைக்கு அனுப்பி வைத்தாள். அக்கா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள் நான் கேட்டபோது, "அவர் சொல்லிக்கிட்டுதானடி இருக்கார், எனக்கு என்ன அவசரம்" என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவருடைய ஒரு வாக்கியத்தைக்கூட அவள் முடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வெளியில் அத்தான் வாயே திறக்க மாட்டார். வேலை செய்யும் கட்டடங்களில் தலையை ஆட்டியே காரியத்தை முடித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வந்து, கையைக் கிரீஸ் போகக் கழுவி, சமையலறையில் அந்தச் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், இவர் அன்றைக்கு நடந்த கதையைச் சொல்வார். நக்கல் என்றால் அப்படி ஒரு நக்கல். அவர் திக்கும் இடம் கதையின் உச்சியில்தான் வரும், அது அவர் வேண்டுமென்றே செய்கிறாரா, தானாக அமைகிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சொல் விழுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் பெரிய மனிதர் ஒருவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். உள்ளே இருக்கும் அவசர ஃபோனில் கத்துகிறார்: "நான் யாருன்னு தெரியுமா?" இந்தப் பக்கம் அத்தான். அவருக்குத் தெரியும். 'தெரியும்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "தெ... தெ..." என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பவருக்கு இருட்டு, பயம். "என்ன, தெரியாதா? சரி தம்பி, தெரியலன்னா பரவாயில்ல" என்கிறார். அத்தான் இன்னும் "தெ..." "ஐயா, நான் சாதாரண ஆளுதாங்க. கோவத்துல கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க." கடைசியில் அந்த மனிதர் அழும் நிலைக்கு வந்தபோது அத்தானுக்குச் சொல் விழுந்தது: "தெரியும்."

இதை அத்தான் சொல்லும்போதும் அதே இடத்தில், அதே 'தெ'யில் நிற்பார். சொல் விழுந்த பிறகு அக்காவுக்கு மூச்சு முட்டும். அப்புறம் கொட்டும். அத்தான் ஒன்றும் தெரியாதவர் போலத் தட்டிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து மெல்லுவார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த ஆம்பளை முகத்திலும் பார்த்ததில்லை.

ஸ்டுடியோவில் ஆண்டுக்கு ஒருமுறை சிரிப்பு எடுக்கும் நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள், ஜோக் கிடையாது. ஆட்களை உட்கார வைத்துச் சும்மா சிரிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். நிகழ்ச்சியில் சிரிப்பு குறையும் இடத்தில் ஒட்டுப்போட. சிரிக்கும் நேரத்தில் கையைத் தூக்கிக் காட்டுகிறவருக்கு இவர்கள் 'கைதூக்கி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கைதூக்கி சின்னச் சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, நீளச் சிரிப்பு என்று வரிசையாகக் கேட்டு வாங்குவார். காலி மேடையைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அக்காவிடம் வந்து, வீட்டில் நடந்த எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னாராம். அக்கா அந்த லிஃப்ட் கதையை நினைத்துக்கொண்டாள். அத்தான் 'தெ'யில் நிற்பதை நினைத்தாள், அந்தக் கேரட்டை நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கைதூக்கி கையை இறக்கிய பிறகும் நிற்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்களாம்.

அதை அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அத்தானிடம் சொல்லவில்லை. அந்த வயதில் போய்ப் புருஷனிடம் உங்களை நினைத்துச் சிரித்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த நகைச்சுவைத் தொடர் வந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அதில் ஒரு செவிட்டுக் கிழவர், ஒரு கறுத்த கல்யாணமாகாத பெண், உட்கார்ந்தால் நாற்காலி உடையும் ஒரு குண்டுப் பொம்பளை, திக்கிப் பேசும் ஒரு எலெக்ட்ரீஷியன். கதை என்று ஒன்று கிடையாது. இந்த நாலு பேரும் மாறி மாறி வந்து நிற்பார்கள், அவ்வளவுதான் ஜோக். செவிடருக்குக் காது கேட்காது, சிரி. இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, சிரி. இதை எழுதச் சிலர் உட்கார்ந்து டீ குடித்து யோசித்திருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. குண்டுப் பொம்பளைக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர். திக்குகிறவனுக்கு 'ரிப்பீட்டு'.

ரிப்பீட்டு எப்படித் திக்குவான் என்றால், தலையைக் கோழி மாதிரி வெட்டி வெட்டி, கையைக் காற்றில் அடித்து, கண்ணை உருட்டி. எந்த மனிதனும் அப்படித் திக்க மாட்டான். ஆனால் ஊருக்கே அதுதான் திக்கல் என்று ஆகிவிட்டது. அத்தான் கம்பெனியில் அவரோடு வருஷக்கணக்கில் வேலை செய்தவர்கள், அதுவரை மரியாதையாக 'மாஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள், 'ரிப்பீட்டு மாஸ்டர்' என்று ஆரம்பித்தார்கள். சும்மா அன்பாகத்தான் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்.

அக்கா அந்தத் தொடரின் முதல் படப்பிடிப்பு நாளில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரிப்பீட்டு மேடைக்கு வந்து தலையை வெட்டியதும் கைதூக்கி கையைத் தூக்கினார். அக்கா எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலை எல்லாம் இடித்துக்கொண்டு, வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள். ஏஜென்ட்டிடம், இனிமேல் பாட்டு நிகழ்ச்சிக்கு மட்டும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அந்த நேரத்துக்கு டிவியை நிறுத்தி வைத்தாள், தலைவலி என்று சொல்லி. அத்தானிடம் இது எதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ரிப்பீட்டை அவளே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்த மாதிரி இருக்கும் என்றாள். அவள் நினைத்தது எனக்கும் சரியென்றுதான் பட்டது.

நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். ஒருநாள் மத்தியானம் அத்தான் என் கவுண்டருக்கு வந்தார். கையில் ஒரே ஒரு சோப்பு. பின்னால் ஆள் வந்தால் அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒருவரும் இல்லாதபோது கேட்டார், அக்கா அந்த நகைச்சுவைத் தொடருக்குப் போகிறாளா என்று. நான் இல்லை என்றேன். போவதே இல்லை, பாட்டு நிகழ்ச்சிக்குத்தான் போகிறாள் என்றேன்.

"சிரிப்பு அவளோடது" என்றார். 

விஷயம் இதுதான். ஒரு கட்டடத்தில் ஏதோ பாகம் வருவதற்காக வாட்ச்மேன் அறையில் காத்திருந்திருக்கிறார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன், "உங்க ஆளு வர்றாரு பாருங்க மாஸ்டர்" என்று சத்தத்தைக் கூட்டினார். ரிப்பீட்டு வந்தான், வெட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு ஒரு பொம்பளைக்கு மூச்சு முட்டியது. அப்புறம் கொட்டியது.

அன்று மாலை பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து அந்தக் கண்றாவியை முழுசாகப் பார்த்தேன். அத்தான் காது பொய் சொல்லவில்லை. ரிப்பீட்டு வரும் இடமெல்லாம் அக்கா சிரித்தாள். காலி மேடையைப் பார்த்து, அத்தானை நினைத்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு. அதை அறுத்து எடுத்து அவன் காலடியில் போட்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பல நாளாக அத்தான் ஸ்டூலைப் போட்டு உட்காராததும், கதை சொல்லாததும், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவதும் ஏன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேலையில் பிரச்சினை என்று நினைத்திருக்கிறாள். அவரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, எல்லாவற்றையும் கொட்டினாள். சிரிப்பு எடுக்கும் நாள், கைதூக்கி சொன்னது, லிஃப்ட் கதையை நினைத்தது, வேனில் போய் உட்கார்ந்தது. உங்களை நினைத்துத்தான் சிரித்தேன் என்று, சொல்ல வெட்கப்பட்டதைச் சொன்னாள். அதைக் கேட்டு அவர் முகம் இளகும் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"என்னை நெனச்சா, இல்ல என் தி... திக்கலை நெனச்சா?"

அக்கா விறைத்துப் போனாள். "என்ன கேள்விங்க இது?"

"வீட்டுலயும் அந்த எடத்துலதான நீ சிரிப்ப. இத்தனை வருஷமா."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னது பொய்யா? இல்லை. அந்த இடத்தில்தான் சிரித்தாள். அந்த இடத்தில்தான் நானும் சிரித்தேன். ஆனால் அது அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மாட்டிக்கொண்ட பெரிய மனிதரைப் பார்த்துச் சிரித்தது. அதை எப்படிப் பிரித்துக் காட்டுவது? சத்தம் ஒன்றுதானே. அக்காவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் உங்களோடு குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா என்றாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பைத் தொடரிலிருந்து எடுத்தே தீருவது என்று அக்கா ஸ்டுடியோவுக்குக் கிளம்பினாள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். தயாரிப்பாளரைப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வரவேற்பறையில் அந்த நாலு பேரும் பல்லை இளிக்கும் பெரிய படம் மாட்டியிருந்தது. அதன் கீழேதான் எங்களை உட்கார வைத்தார்கள். டபுள் டெக்கருக்குக் கீழே நான். போகிற வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

தயாரிப்பாளர் கெட்டவர் மாதிரி இல்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து நின்று உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று தொடரின் ஆரம்பத்திலேயே போடுகிறோமே என்றார். அவருடைய சொந்தச் சித்தப்பாவே திக்குவாராம், அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறாராம். வேறு என்ன செய்வார் அந்தச் சித்தப்பா, சிரிக்காவிட்டால் வீட்டில் சோறு இறங்குமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மக்கள் ரசிக்கிறாங்கம்மா" என்றார் அவர். "அந்தக் கேரக்டர் வந்தாலே எப்படிச் சிரிக்கிறாங்க, கேட்டீங்கல்ல?"

"அது மக்கள் இல்ல சார்" என்றாள் அக்கா. "அது நான்."

அவருக்கு அது பெரிய ஜோக்காகத் தோன்றிவிட்டது. மேஜையைத் தட்டிச் சிரித்தார். நல்லாப் பேசுறீங்களே, ரிப்பீட்டுக்குப் பொண்டாட்டி ஒருத்தியைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம், நீங்கள் நடிக்கிறீர்களா என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

கைதூக்கிதான் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு ஒலி எடிட்டரிடம் கூட்டிப் போனார். ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச். பாதி நரைத்த தாடியோடு ஒருவர் கணினி முன் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, சினிமா நடிகையைப் பார்த்தவர் மாதிரி கைகுலுக்கினார். முகத்தை இன்றுதான் பார்க்கிறேன், சிரிப்பைத் தினமும் கேட்கிறேன் என்றார். திரையில் காட்டினார். 'அக்கா குட்டை', 'அக்கா நடுத்தரம்', 'அக்கா நீளம்'. நீளத்தைத் தட்டினார். அந்த மூடிய அறைக்குள் அக்காவுக்கு மூச்சு முட்டியது, கொட்டியது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்கா தன் சிரிப்பைத் தானே கேட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றாள்.

ஏன் இதை அந்த ஆளுக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். அவர் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, ஆசையாக விளக்கினார்.

"மத்த சிரிப்பெல்லாம் டக்குனு வந்துடும்க்கா. அந்த ஆளு இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இவங்க சிரிச்சு முடிச்சுடுவாங்க. சொல்லு விழுற வரைக்கும் காத்திருந்து வர்றது உங்க சிரிப்பு ஒண்ணுதான்."

அக்கா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த ஆளின் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. காத்திருந்து வராமல் என்ன செய்யும்? ஒரு மனிதனுக்காகச் சமையலறையில் காத்திருந்து காத்திருந்து பழகிய சிரிப்பு அது. அது அந்த ரிப்பீட்டுக்குப் பொருந்துகிறதாம்.

அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒளிபரப்பானதை ஒன்றும் செய்ய முடியாது, மறுஒளிபரப்பில் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் இனி எடுப்பதில் அந்தக் கேரக்டருக்கு உங்கள் சிரிப்பைப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். அடுத்த வாரம் நான் பார்த்தேன். ரிப்பீட்டுக்கு அக்கா சிரிக்கவில்லை. டபுள் டெக்கர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், நாற்காலி உடைந்தது. அக்காவுக்கு மூச்சு முட்டியது.

நல்ல சிரிப்பு வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பார் பாவம். அவருக்கு என் உடம்பு கண்ணில் பட்டிருக்காது, அறை இருட்டு. மறுநாள் கடையில் தராசுக்காரர் என்னைப் பார்த்து நாற்காலியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், அது அந்த வார வசனம். எங்கள் கடையில் அதுவரை அப்படிப் பேச யாருக்கும் தைரியம் வந்ததில்லை. என் சொந்த அக்காவின் சிரிப்போடு வந்ததால் எனக்குக் கூடுதலாகவே வலித்தது. அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. இப்போது எனக்கும் மறைக்க ஒன்று கிடைத்துவிட்டது.

ரிப்பீட்டிடமிருந்து சிரிப்பை எடுத்தாகிவிட்டது என்று அக்கா அத்தானிடம் சொன்னபோது, "எடுத்துட்டா? சிரிச்சது சிரிச்சதுதானே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எடிட்டர் எடுத்தது டிவியிலிருந்து. அத்தான் மண்டைக்குள் ஓடுவதை எந்த எடிட்டர் எடுப்பார்? கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொரு கதையையும் அவர் இப்போது திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று. உலகத்தில் ஒருத்தியிடம்தான் அவர் பயமில்லாமல் பேசினார். அந்த வாசலையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு அடுத்த வார ஜோக்கை யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அக்கா வேனில் ஏறுவதை அடியோடு விட்டாள். வீட்டில் இருவரும் 'சாப்பாடு', 'சாவி', 'கரண்ட் போயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். சாயங்காலம், அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவசர அழைப்புக்குப் போய்விட்டுத் திரும்பியவர், கையைக் கழுவிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் கத்தி நின்றது.

"ஒருத்தன் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டான்" என்றார். "எந்த மாடின்னு விசாரிச்சேன். அவனுக்கு வாய் ஒளறுச்சு. ஒழுங்கா சொல்லுன்னேன். அப்புறம் வெளிய வந்தான்."

செய்தி வாசிப்பவர் மாதிரி சொன்னார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அத்தான் அப்படி வழுக்கிக்கொண்டு பேசி நான் கேட்டதே இல்லை. வரும் வழியெல்லாம் முட்டும் சொற்களைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, முட்டாத சொற்களாக அடுக்கி எடுத்து வந்திருக்கிறார். சிரிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

அக்கா சிரித்தாள். உடனே சிரித்தாள். நடுத்தரமாகச் சிரித்து, சரியான இடத்தில் நிறுத்தினாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். "இது ஸ்டுடியோவுல சிரிக்கிறது" என்றார்.

அக்கா கத்தியை வைத்தாள். "நீங்க சொன்னதும் ஸ்டுடியோவுல சொல்ற மாதிரிதாங்க இருந்துச்சு."

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அத்தான் மறுபடி ஆரம்பித்தார், இந்தத் தடவை நடந்தபடி. மாட்டிக்கொண்டவன் அந்தக் கட்டடத்தின் மேல்மாடி வாலிபன். அத்தானைக் கண்டாலே ரிப்பீட்டு மாதிரி தலையை வெட்டி வணக்கம் சொல்கிறவன். அவசர ஃபோனில் அவனிடம் எந்த மாடி என்று கேட்டால், பயத்தில் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு "ஐ... ஐ... ஐ..." என்கிறான். மாட்டிக்கொண்டும் இவனுக்குக் கொழுப்பு அடங்கவில்லை என்று நினைத்து அத்தானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஃபோனை இறுகப் பிடித்துக்கொண்டு அவனை அதட்டினாராம்.

"நான் சொன்னேன், டேய், தி... தி... தி..."

தாடை இறுகியது. கண் ஒரு பக்கமாகப் போனது. நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"...திக்காமப் பேசுடான்னு."

எனக்கு வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. மூச்சு முட்டுவது கேட்டது. வெங்காயக் கையைத் திருப்பி, மணிக்கட்டால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்படியே அவரைப் பார்த்தாள்.

"சிரிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அத்தான் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அது திக்கலா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது தெரியாமல் போனதே கிடையாது. கையை வாயிலிருந்து எடுக்காமல் அவள் காத்திருந்தாள்.